சுவரிடம் சொன்ன உயில்

அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் ஓட்டினார்கள். காரணம், வாசல் கதவுக்கு அண்ணன் அடித்த பச்சைப் பெயிண்ட். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும்; அவர்கள் சிரிக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணன் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார்: "நாளைக்குத் தண்ணி வராதாம்." தையல்காரியான தங்கை குக்கரைப் பார்த்துப் பதில் சொல்வாள்: "தெரியும், தெரியும்."

படுத்த படுக்கையான பிறகு ஒருநாள் அவர் சுவரிடம், "உயில் எழுதியாச்சு. வெச்சிருக்கிற இடம்..." என்று ஆரம்பித்தார். அவள் சாவுப் பேச்சைக் காதில் வாங்க மாட்டாமல் மிக்ஸியைப் போட்டாள். வெறும் ஜார்தான் ஓடியது. நிறுத்தியபோது அவர் சொல்லி முடித்திருந்தார். என்ன சொன்னாய் என்று கேட்க வீம்பு விடவில்லை. அந்த வாரமே அவர் போய்விட்டார்.

"வீட்டை உங்களுக்குத்தாம்மா எழுதியிருக்கார்," என்றார் வக்கீல். "ஆனா அசலைப் படுக்கையில விழறதுக்கு முன்னாடியே அவர் வாங்கிட்டுப் போயிட்டார். அது இல்லேன்னா வீடு அவர் பையனுக்குத்தான்."

தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு இந்த வயதில் அவள் எங்கே போவாள்? அண்ணனின் அறையைச் சல்லடை போட்டுத் தேடினாள். ஸ்பேனர் பெட்டியில் இல்லை, மெத்தைக்கு அடியிலும் இல்லை. அலமாரியில் அவள் எப்போதோ தைத்துக்கொடுத்த சட்டைகள் இருந்தன. காலர் நைந்தும் மனிதர் தூக்கிப் போடவில்லை. தேடுவதை விட்டுவிட்டு அழுதாள். "பாவி, இன்னொரு தரம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவரையே திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன், மனைவியோடும் வீட்டுத் தரகரோடும் வந்தான். "எத்தனை நாள்தான் அத்தை பொறுக்கிறது?" என்றான். கெட்ட பையன் இல்லை. தரகர் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்களுக்கு டீயாவது கொடுக்க வேண்டுமே என்று மேல்தட்டிலிருந்த பெரிய கெட்டிலை இறக்கினாள். விருந்தாளிகளுக்கென்று வாங்கியது. விருந்தாளி என்று யாராவது வந்தே வருடக்கணக்காகிறது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கும் அக்கம்பக்கத்தார்தான் டீ கொண்டுவந்தார்கள். மூடியைத் திறந்தாள். உள்ளே பிளாஸ்டிக் உறையில் உயில் இருந்தது. தான் போனபின் நாலு பேர் வருவார்கள், தங்கை டீ போடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார் மனிதர்.

அண்ணன் மகன் இரண்டு முறை படித்தான். முகம் தொங்கிவிட்டது. "சரி அத்தை, அப்பா இஷ்டம்," என்று எழுந்தான்.

"டீ கொதிக்குதுப்பா. ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

"இன்னொரு நாள் வர்றோம் அத்தை."

வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். கார் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள். இப்போது வீடு முழுக்க அவளுடையது. எந்த அறையிலும் ஒரு செருமல்கூட இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

கெட்டிலைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"டீ நிறையப் போட்டுட்டேன்," என்றாள், கதவு திறப்பதற்குள்ளாகவே. "யாராவது வந்து குடிங்களேன்."