சூலியா தெருச் சுவர்கள் பேசிய காலம்

1928ஆம் ஆண்டு மழைக்காலத்தில், துறைமுகத்தை அடுத்த எங்கள் சூலியா தெருவில் வீட்டுக்குள் பேசிய பேச்செல்லாம் உடனுக்குடன் வாசல் சுவரில் கறுப்பு எழுத்தில் தெரியத் தொடங்கியது. காரணம் நான்தான். அப்படி ஓர் ஊர் இருந்தால் எப்படியிருக்கும் என்று, மக்கள் பயப்படட்டுமே என்று, என் வாரப் பத்திரிகையில் ஒரு கதை எழுதியிருந்தேன். என் வீட்டுச் சுவரில் முதலில் வந்தது, என் மீசையைப் பற்றி நான் கண்ணாடியிடம் சொன்ன நாலு நல்ல வார்த்தை.

தெருவுக்குச் சந்தோஷம். அரிசியில் கல் கலக்கச் சொன்ன கடைக்காரர் மாட்டினார். திருடர்கள் திட்டம் போடும்போதே பிடிபட்டார்கள். போலீஸ்காரர்கள் கதவு தட்டுவதை விட்டுவிட்டு, குடை பிடித்துச் சுவர் படித்துக்கொண்டு போனார்கள். என் தங்கை ஆசியா பீவி ஓடிவந்தாள்.

"நானா, நீங்க எழுதினது பலிச்சிருச்சு லா!"

"பயமுறுத்தத்தானே எழுதினேன்?"

"பயமா? நல்ல ஏற்பாடுன்னுல்ல நாங்க படிச்சோம்."

இரண்டு வருடத்தில் தெரு அடங்கிவிட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டைகள் கையசைப்பில் நடந்தன. குழந்தைகள் பேசப் பழகுமுன் பேசாமலிருக்கப் பழகின. எதைக் கேட்டாலும் "நல்லதுதான்" என்ற ஒரே பதில். எல்லாச் சுவரிலும் அதே வார்த்தை நின்றதால், கப்பலில் வந்தவர்கள் அதை ஏதோ சோப்பு விளம்பரம் என்று எண்ணினார்கள். நானும் பத்திரிகையை மூடினேன். படிக்க ஊரில் எழுத்துக்கா பஞ்சம்?

அப்போதுதான் ஆசியா பீவியின் மகள் ருக்கையாவுக்கு, நாணயம் மாற்றும் பஷீரைப் பேசி முடித்தார்கள். பஷீருக்கு மூன்று கடை. முதல் தாரத்தில் ருக்கையா வயதில் ஒரு மகள். எங்களில் நிக்காஹ் அன்று சாட்சிகள் பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்பார்கள். கன்னிப்பெண் வாய் திறக்காவிட்டால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வது வழக்கம். மற்ற ஊர்களில் அது வெட்கத்துக்குக் கொடுத்த மரியாதை. எங்கள் தெருவில் அதை வைத்து யாரை யாருக்கு வேண்டுமானாலும் கட்டிவைக்கலாம் என்றாகிவிட்டது. கட்டியும் வைத்தார்கள்.

ஒரு சாட்சி யூசுப் ராவுத்தர். தாய்மாமன் என்ற உரிமையில் இன்னொரு சாட்சி நான். வாசலில் பஷீர் வீட்டார் சுவரைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ருக்கையா உட்கார்ந்திருந்த திரைக்கு இப்பால் நின்று முறைப்படி கேட்டோம். சத்தமில்லை. முடிந்தது, போகலாம் என்று ராவுத்தர் கண்ணைக் காட்டினார். நான் போகவில்லை. முறையில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

"உனக்குப் புடிச்சிருக்கா, புள்ள?"

ஆசியா பீவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். திரை இடுக்கில் மகளைப் பார்த்து 'நல்லதுதான்' என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

திரை விலகியது.

"புடிக்கல மாமா. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

வெளியே சுவரில் அது ஏறியது. படிக்கத் தெரியாதவர்களுக்காக யாரோ அதை உரக்கப் படித்தார்கள். பிறகு, கல்யாணம் நின்றுபோனாலும் நெய்ச்சோறு ஆறிவிடுமே என்று எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.