சாப்பாட்டு மேசைக்கு மேலே

"மூடினா மூடும், ஞானேஸ். ஆனா மூடக்கூடாது."

ஏணியில் நின்றபடி குணசேகரம் சொன்னார். சாப்பாட்டு மேசைக்கு மேலே, சீலிங்கில் பதித்திருந்த சின்னப் பெட்டியிலிருந்து வயர்கள் கொத்தாகத் தொங்கின. மேசையில் ஞானேஸ்வரி ஆசைப்பட்டு வாங்கிய மூன்று கண்ணாடிக் குமிழ் விளக்கு.

"ஏன், அமத்தி விட்டா உள்ளுக்குப் போகாதோ?"

"உன்ர தம்பியின்ர கதைதான் உனக்கும். மூண்டு கேபிள் வருது. ஒண்டில மூண்டு வயர், ஒன்பது. அதுகளைப் பூட்டுற கவ்வி வேறை. ஒவ்வொண்டுக்கும் அதின்ர இடத்தைக் குடுக்கவேணும். நெரிச்சு வைச்சா சூடேறி ஒருநாள் பத்தும். பெரிய பெட்டி வைக்கவேணும். ரெண்டு பேர் வேலை. ராசா வரட்டும்."

"நான் போன் எடுத்துக் கேக்கட்டோ?"

"வேண்டாம். நீ கேட்டா அக்காவுக்காக வருவான். அவனா வரவேணும். கேக்கமாட்டன் எண்டு சொல்லு."

சொன்னாள். ஆறு வருடமாயிற்று.

அதற்கு முன்பு குணசேகரமும் மச்சான் ராசாவும் ஒரே மின்வேலைக் கம்பனியில்தான் வேலை செய்தார்கள். மலைப்பக்கத்து ஹோட்டல் ஒன்றில், வெள்ளிக்கிழமை அவசரத்தில், ராசா பதின்மூன்று வயரைச் சின்னப் பெட்டி ஒன்றுக்குள் கையால் அமத்தி மூடிவிட்டுப் போனான். திங்கட்கிழமை மூடியைக் கழற்றிய குணசேகரம், ஒரு வயரின் தோல் கருகியிருந்ததைக் கண்டார். மேலாளரிடம் சொன்னார். ராசாவுக்கு வேலை போயிற்று. "மச்சான் எண்டும் பாக்காமல் காட்டிக்குடுத்திட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனவன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இன்று காலை குணசேகரத்தைத் தகனம் செய்தார்கள். மூன்று மாதப் புற்றுநோய். சுவிஸின் கூர் நகரத்து மலைகளை மூடிய நவம்பர் மூட்டம் மத்தியானத்திலும் விலகவில்லை. தலை முழுகிய ஈரத்தோடு ஞானேஸ்வரி மேசையருகே இருந்தாள். மேசையில் மாலை போட்ட படம், குத்துவிளக்கு. மேலே வயரில் தொங்கிய ஒற்றைக் குண்டு பல்பின் மங்கல் வெளிச்சம்.

"இந்த இருட்டில முகம் தெரியேல்லையே பிள்ளை" என்றாள், பக்கத்து வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்த தில்லைநாயகி. "புது லைட் பெட்டியோட கிடக்குதாம். என்ர மனுசன் பத்து நிமிசத்தில கொழுவித் தருவார்."

"வேண்டாம் அக்கா. அதை ஒருத்தரும் தொடவேண்டாம்."

குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. தில்லைநாயகி தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

மகள் லக்சாயினி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, மாமா கீழ தபால் பெட்டியடியில நிக்கிறார். கிரமடோரியத்திலயும் கடைசி வாங்கில இருந்தவர். மேல வாங்கோ எண்டு கேட்டன். 'கொம்மா கூப்பிட்டவவோ?' எண்டு கேக்கிறார்."

ஞானேஸ்வரி மகளையே பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கும் வந்தவர், அம்மா. கார் தரிப்பிடம் மட்டும். அப்பாவுக்கு எப்பிடி எண்டு என்னட்டைக் கேட்டிட்டுப் போவார். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர்."

அதே ஆஸ்பத்திரியில், கடைசிக் கிழமை, கண் திறந்தபோதெல்லாம் குணசேகரம் கேட்டது ஒன்றுதான். "ராசா வந்தவனே?" இல்லை என்று சொல்லிச் சொல்லி, போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தாள். கேட்கமாட்டேன் என்று சொன்ன சொல் குறுக்கே நின்றது.

எழுந்து போய்க் களஞ்சிய அறைக் கதவைத் திறந்தாள். விளக்குப் பெட்டியின் மேல் தூசி. உள்ளே குமிழ்கள், குணசேகரம் அப்போதே வாங்கி வைத்த பெரிய கூரைப்பெட்டி, பக்கத்தில் பிடியில் சிவப்பு நாடா சுற்றிய, மின்சாரம் பார்க்கும் டெஸ்டர் ஒன்று. அதை மட்டும் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

ராசா சுவரோடு நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. அவள் நீட்டியதை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"என்ர டெஸ்டர்."

"ஹோட்டலில விட்டிட்டுப் போனனியாம். அத்தான் எடுத்து வைச்சவர்."

அவன் சிவப்பு நாடாவை நகத்தால் சுரண்டினான்.

"நான் வயரை எண்ணேல்லை அக்கா, அண்டைக்கு. அத்தான்தான் எண்ணினவர்."

"சோத்துப் பருக்கையையும் எண்ணித்தான் சாப்பிடுவார் எண்டு நீதானே நக்கலடிக்கிறனி."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. மாடிப்படி விளக்கு தன் நிமிடக் கணக்கு முடிந்து தானாக அணைந்தது. இருவரும் சுவிட்சைத் தேடவில்லை. மேலே யாரோ கதவைத் திறந்து மெல்லச் சாத்தினார்கள்.

"ராசா," என்றாள் ஞானேஸ்வரி இருட்டுக்குள். "மேல வா. அந்த லைட்டைக் கொழுவித் தா."