கைமாற்று வலி

அந்த மலையூரில் புண் ஒருவரிடமும் அதன் வலி வேறொருவரிடமும் இருப்பதுதான் வழக்கம். காலில் முள் ஏறியவன் தன் பாட்டுக்கு வேலைக்குப் போவான். அவனுடைய மச்சான் ஒரு குறையும் இல்லாத தன் காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் முனகுவான். கையை நீட்டி "கொஞ்சம் குடு" என்று கேட்டால் போதும், கை பட்டதும் வலி மாறிவிடும். வாங்கியவருக்கு அலுத்துப்போனால் அடுத்தவரிடம் தள்ளிவிடலாம், நாலு பேராகப் பங்கும் போட்டுக்கொள்ளலாம். யாருடையது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் ஆகாதவனுடைய வலியை ஒருத்தரும் தொடமாட்டோம் என்று அந்த ஊர்க்காரர்கள் தங்களைப் பற்றிச் சரியாகவே கணித்து வைத்திருந்தார்கள். ஒரு பிரசவ வலி முப்பது வீடு சுற்றி வந்ததும் உண்டு. பிள்ளை பெற்றவள் அதற்குள் அரை மூட்டை தானியம் புடைத்து முடித்திருந்தாள்.

கீழே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி மூன்று மாத விடுப்பு எடுத்துக்கொண்டு தொண்டு செய்ய அங்கே வந்தாள். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நான்கு மணி நேரம் ஏற வேண்டும். ஊரே அண்ணி என்று கூப்பிடுகிற ஒருத்தி தன் வீட்டு முன்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தாள். முதல் வாரமே நர்ஸுக்கு மூக்கு உடைந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவனுக்கு மூன்று நாள் மாத்திரை கொடுத்தாள். எலும்பு விட்டுப்போயிருந்தது அவன் தம்பிக்கு, அந்தத் தம்பியோ மூன்று நாளும் மரம் ஏறிக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவள் வலியை ஒரு வீட்டில் விசாரித்து, காய்ச்சலையும் வீக்கத்தையும் மற்ற வீடுகளில் தேடப் பழகிக்கொண்டாள். மீதி நேரத்தில் பெண்களோடு விறகு சுமந்தாள், ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள், சாணம் அள்ளினாள், அவர்களுடைய நக்கலுக்குப் பதில் நக்கல் அடிக்கவும் கற்றுக்கொண்டாள். உள்ளங்கை காய்த்துப்போனது. ஆனால் மூன்று மாதத்தில் ஒருநாள்கூட உடம்பு நோகவில்லை. மலைக்காற்றுதான் காரணம் என்று வீட்டுக்கு எழுதினாள்.

அவள் கிளம்ப ஐந்து நாள் இருந்தபோது, காலையில், கூரை வேய்கிறவர் பாதி வேய்ந்த கூரைக்குக் கீழே தரையில் சுருண்டு கிடந்தார். எங்கே என்று நர்ஸ் கேட்டதும் வலது பக்கம் அடிவயிற்றைக் காட்டினார். ஊர் கேட்கக் கத்தினார். உடம்பில் சூடு இல்லை, வாந்தி இல்லை, நாக்கு சுத்தமாக இருந்தது. இது குடல்வால் வீங்கினால் வருகிற வலி. வீங்கிய குடல்வால் வேறு யாருடைய வயிற்றிலோ இருக்கிறது, அந்த ஆளுக்கு அது தெரியவே தெரியாது. ஊரில் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள்.

"யார்கிட்ட வாங்கினீங்கண்ணே?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

"யாரோடதுன்னு கேக்கலை. யாரு கையில வாங்கினீங்கன்னுதான் கேக்கறேன். சொல்லலைன்னா ஒரு உசுரு போயிடும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "ஆட்டுக்காரன் குடுத்தான். நேத்து சாயங்காலம். அப்ப இவ்வளவு காரம் இல்ல."

ஆட்டுக்காரன் மேல்சரிவில் இருந்தான். ஏறுகிற வழியில் இரண்டு தடவை அவள் உட்கார வேண்டியிருந்தது. விடிந்ததும் ஒருமுறை வாந்தி எடுத்திருந்தாள், திரிந்த பாலைக் குடித்துவிட்டோம் என்று நினைத்திருந்தாள். உடம்பு கொதித்ததற்கு வெயிலைத் திட்டினாள். ஆட்டுக்காரன் தச்சரைக் கைகாட்டினான். ஒரு சுவர்த் தகராறில் அவனும் தச்சரும் பதினொரு வருஷமாகப் பேசுவதில்லை. அதே சுவருக்கு மேலே தச்சர் கையை நீட்ட, இவனும் வாய் திறக்காமல் வாங்கியிருக்கிறான். "பேச்சுவார்த்தை வேற, இது வேறக்கா" என்றான். திரும்ப இறங்கித் தச்சரிடம் வந்தால், அவர் இழைப்புளியை நிறுத்தாமலே தலையாட்டி மறுத்தார். ஒருத்தர் சொல்ல ஆரம்பித்தால் நாளைக்கு ஊரில் எவனும் கை நீட்டமாட்டான் என்றார். அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், காலில்கூட விழப்போனாள். அப்போது கூரை வேய்கிறவர் வாயெல்லாம் பல்லாக நடந்துவந்தார்.

"போயிடுச்சும்மா! சுத்தமா போயிடுச்சு!"

தச்சர் சிரித்தார். அவள் இருவரையும் அதட்டினாள். இந்த வலி திடீரென்று நின்றால் குடல்வால் வெடித்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே சீழ் பரவத் தொடங்கிவிட்டது, அரை நாளுக்குள் வயிற்றைத் திறக்காவிட்டால் ஆள் பிழைப்பது கஷ்டம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கூரை வேய்கிறவர் சிரித்த வாயோடு மறுபடியும் மடங்கி விழுந்தார். இந்த முறை வயிறு முழுக்க என்றார். தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"அண்ணிகிட்ட வாங்கினேன்."

அண்ணி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அண்ணி நிமிரவில்லை.

"நீ வந்த அன்னிக்கே வாங்க ஆரம்பிச்சிட்டோம்மா. டம்ளர் குடுக்கறப்ப, குடம் மாத்தறப்ப, கை படுமில்ல, மனசுக்குள்ளயே கேட்டு வாங்கிடுவோம். தலைவலி, கால்வலி, மாசத்து வலி எல்லாத்தையும்தான். நமக்காக வந்த பொண்ணைக் கஷ்டப்பட விடலாமா?"

"அண்ணி, யாரோடது இது?"

"உன்னோடதுதான்."

நர்ஸ் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பலகைபோல இறுகியிருந்தது. அழுத்தினாள், ஒன்றுமே தெரியவில்லை. அவளுக்குப் பயம் வந்தது. பயத்தை மட்டும் அந்த ஊரில் யாராலும் கைமாற்றாக வாங்கிக்கொள்ள முடியாது, அதை அவளேதான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தச்சர் தன் வீட்டுக் கதவையே கழற்றிவிட்டார். அதில் அவளைப் படுக்கவைத்து நடுப்பகலில் இறங்க ஆரம்பித்தார்கள். முன்னால் தச்சரும் ஆட்டுக்காரனும் ஒரே கதவைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. கதவைத் தூக்குகிறவர்கள் வலியைத் தூக்க முடியாது, பள்ளத்தில் போட்டுவிடுவார்கள். ஆகவே வலிக்கென்று பின்னால் தனி வரிசை. அது ஒருவர் தாங்குகிற வலியாக இல்லை. முதல் வளைவில் ஆறு பேராகப் பங்கு போட்டார்கள், ஓடையைத் தாண்டும்போது பதினாறு பேராயிற்று. ஒருவர் விழுந்தால் அடுத்தவர் வாங்கினார். தன் சாவு தனக்குப் பின்னால் பதினாறு வாயால் கத்திக்கொண்டு வருவதை அவள் நோவில்லாமல் படுத்தபடி கேட்டுக்கொண்டு போனாள். அதைவிடக் கொடுமை அவள் வாழ்க்கையில் இல்லை.

"என்கிட்டயே குடுத்துடுங்க அண்ணி! எங்க பரவுதுன்னு எனக்குத் தெரியணும்."

"நீ சும்மா படு. நாங்க சொல்றோம்."

சொல்லவும் சொன்னார்கள். "இப்ப தோள்பட்டைக்கு ஏறுதும்மா!" என்று பின்னாலிருந்து கூரை வேய்கிறவர் அலறினார். அவள் தன் நாடியைத் தானே பிடித்து எண்ணினாள். நூற்று முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிப்போனது.

அடிவாரத்தில் ஒரு லாரி நின்றது, ஏற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் வயிற்றை அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். வெளியே வராந்தாவில் பதினாறு பேர் கத்தினார்கள். டாக்டர் கையை எடுத்தார், இன்னும் பலமாகக் கத்தினார்கள். அவர் அவளைப் பார்த்தார், வராந்தாவைப் பார்த்தார், பிறகு கதவைச் சாத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஒவ்வோர் இடமாக அழுத்தினார். மயக்க மருந்து ஏறியதும் வராந்தாவில் பதினாறு பேரும் ஒரே சமயத்தில் அமைதியானார்கள். கூரை வேய்கிறவர் பெஞ்சில் குறட்டை விட்டார். ஒரு லிட்டர் சீழ் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் அவர்கள் ஊர் திரும்ப வேண்டியிருந்தது, விதைப்பு காத்திருந்தது. தையல் வலி அப்போது அண்ணியிடம் இருந்தது. மேலே எடுத்துக்கொண்டு போகிறேன், ஆறுகிற வரை வைத்துக்கொள்கிறேன் என்றாள். நர்ஸ் கையை நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாம இருந்ததாலதான் சாகப் பார்த்தேன். தையல் சீழ் புடிச்சா எனக்குத் தெரியணும். குடுங்க அண்ணி."

அண்ணி அழுதுகொண்டே கொடுத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு தன் உடம்பு தனக்கே நொந்தபோது நர்ஸ் போட்ட சத்தத்தில் வார்டே கூடிவிட்டது. வலியும் இருந்தது, தன்னுடையது தன்னிடம் வந்துவிட்ட நிம்மதியும் இருந்தது, இரண்டுக்கும் சேர்த்தே அழுதாள். அண்ணி போன பிறகும் முனகல் நிற்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்த தையல்காரி நான்கு நாளாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள். மலைக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் கட்டில் இடைவெளியில் கையை நீட்டினாள்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளும்மா. எனக்கும் பொழுது போகணும்."

"பாதிதான் தருவேன்" என்றாள் நர்ஸ்.

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்க்கும் படிவத்தில் இப்போது வலி எங்கே என்ற கேள்விக்குக் கீழே, யாரிடம் என்று இன்னொரு கோடு போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அதையும் நிரப்பித்தான் கொடுக்கிறார்கள்.