முட்டைப் பெட்டிக்கு ஒரு செம்புப் பலகை

ஜூன் 9, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறு. நான் செய்த முதல் பிசிபி, அதாவது மின்சுற்றுப் பலகை, இடவலம் மாறி வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தது இருபத்தேழு துளைகளையும் போட்டு முடித்த பிறகு.

மறுபடி செய்யாமல் இருக்க, எப்படி நடந்தது என்று எழுதி வைக்கிறேன். டோனர் முறையில் படத்தை லேசர் அச்சுப் பொடியான டோனரால் தாளில் அச்சடித்து, தாளைச் செம்பு பூசிய பலகையின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்துகிறோம். சூட்டில் டோனர் இளகித் தாளை விட்டுச் செம்பில் ஒட்டிக்கொள்கிறது. கவிழ்ப்பதால் படம் மாறும், ஆகவே மாற்றி அச்சடி என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மாற்றினேன். ஆனால் கணினி காட்டிய படம், பலகையை மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோல ஏற்கெனவே மாறித்தான் இருந்தது. மாறியதை மாற்றிவிட்டேன். கேள்விப்பட்டதைச் செய்தேனே தவிர, பார்த்ததை யோசிக்கவில்லை.

மாலை எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் என் மேசையைப் பங்கிட்டுக்கொள்பவனை எல்லோரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவோம். சேர்ந்த முதல் நாளே கட்டடம் முழுவதையும் இருட்டாக்கியவன். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சிப்பை மல்லாக்கப் படுக்க வச்சிடு. எட்டுக் காலும் மேல பாத்துட்டு ஜாலியா கிடக்கும்."

"சரி, அந்த ரிலே சுவிட்சை?"

யோசித்தான். "அதுக்குக் கால் கட்டை. படுக்காது. நீ வேற பலகை வாங்கிடு தாயே."

வகுப்புக்கான வேலை மட்டும் என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் வீட்டில் இருபத்து நான்கு முட்டைகள் காத்திருக்கின்றன.

அக்கா வேலை பார்த்த பொட்டலம் கட்டும் கம்பெனி மூடி மூன்று மாதம் ஆகிறது. பண்ணைக்காரர் ஒருவரிடம் போய் நின்று, கோழிக்குஞ்சு பொரித்துத் தருகிறேன் என்று கேட்டாள். அவர் இருபத்து நான்கு முட்டைகளைக் கொடுத்து, "பாதிக்கு மேல பொரிச்சுக் காட்டும்மா. வாரா வாரம் நூறு முட்டை உனக்குத்தான்" என்றாராம். பதின்மூன்று குஞ்சு வந்தால் அக்காவுக்குத் தொழில். பன்னிரண்டு வந்தால் மறுபடி வீடு வீடாக வேலை கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை முட்டைகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கினோம். உள்ளே ஒரு பல்பு, ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒரு வெப்பமானி. சூடு முப்பத்தேழரை டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். அதற்காகப் பல்பைத் தானாக அணைத்து ஏற்றும் கருவி ஒன்று வாங்கியிருந்தோம். மூன்றாம் நாளே அது உயிரை விட்டது. வேறு வரப் பத்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர். அதுவரை முட்டை பொறுக்குமா?

அதனால் வீடே முறை வைத்துப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. முப்பத்தேழுக்கு இறங்கினால் பல்பை ஏற்ற வேண்டும், முப்பத்தெட்டைத் தொட்டால் அணைக்க வேண்டும். அரை மணிக்கொரு முறை சுவரில் ஒட்டிய தாளில் எழுத வேண்டும். அப்பா பஸ் ஓட்டுபவர். நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்து, "இந்த வண்டிக்கு ஆக்சிலரேட்டர் மட்டும்தான்டி இருக்கு, பிரேக்கே இல்ல" என்கிறார். அம்மா, "நான் உங்களைப் பெத்தப்பகூட இவ்வளவு நாள் கண் முழிக்கல" என்கிறாள்.

வகுப்புக்காகப் போன வாரமே நான் வரையத் தொடங்கிய பலகை இந்த வேலையைச் செய்யும். செய்து தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். வகுப்பில் அந்தச் சுற்றைக் கம்பிகளால் செருகிப் பார்த்தபோது ஓடியது. ஆனால் தொட்டால் கம்பி கழன்றுவிடும். அதை நம்பி உயிர்களை விட முடியாது.

ஜூன் 13, சனி

புதுப் பலகை வாங்கினேன். நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில், மதியம் ஆள் இல்லாத நேரத்தில் படத்தை அச்சடித்தேன். இம்முறை மாற்றவில்லை. படத்தின் ஓரத்தில் ஓர் எழுத்து வைத்திருக்கிறேன். தாளில் அது மாறித் தெரிந்தால் செம்பில் நேராக வரும். மூன்று முறை சரிபார்த்தேன், பிறகு நாலாவது முறையும்.

தாள் ஒரு நாற்காலி சோபா கடையின் விளம்பரப் புத்தகத்தில் கிழித்த பக்கம். வழவழப்பான தாள்தான் டோனரை எளிதாக விடும்.

நேற்று நான் கடையில் இருந்தபோது அக்கா முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாள். மூன்றில் கரு இல்லை, எடுத்துவிட்டாள். மீதி இருபத்தொன்று. "நீயும் பாக்கணும்டி. சொன்னா நம்ப மாட்ட" என்றாள்.

ஜூன் 14, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அக்கா தீவனக் கடைக்குப் போயிருந்தாள். அப்பா வண்டியில். அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு அண்டை வீட்டுக்காரியோடு பேச்சில் இருந்தாள். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை என் முறை. அந்த அறையில் வேலை செய்யும் பிளக் ஒன்றுதான். பன்னிரண்டு இருபதுக்கு வெப்பமானி முப்பத்தெட்டரையைக் காட்டியது. பல்பின் ஒயரைப் பிடுங்கினேன். சூடு இறங்கட்டும் என்று மூடியையும் கொஞ்சம் திறந்து வைத்தேன். பிளக் சும்மாதானே இருக்கிறது, ஐந்து நிமிடம் இஸ்திரிப் பெட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

செம்பை ஏற்கெனவே கம்பி நாரால் தேய்த்து, என் முகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு வைத்திருந்தேன். தாளைக் கவிழ்த்து, மேலே ஒரு வெள்ளைத் தாள் போட்டு, இஸ்திரிப் பெட்டியை முழு எடையோடு அழுத்தினேன். நாலு நிமிடம். ஓரங்களுக்குப் பெட்டியின் மூக்கு. பிறகு பலகையை அப்படியே தண்ணீரில் போட்டேன்.

அதற்குப் பிறகு நேரம் எனக்குத் தெரியவில்லை.

பத்து நிமிடம் ஊறிய தாளைக் கட்டைவிரலால் உருட்டினேன். கூழாகிச் சுருண்டு வந்தது. முதலில் சோபாவின் கால்கள் போயின, பிறகு சோபாவில் உட்கார்ந்திருந்த பெண். அவளுக்கு அடியிலிருந்து ஒரு கருப்புக் கோடு. இன்னொன்று. சிப்பின் எட்டுப் புள்ளிகள், ஒவ்வொன்றும் எள்ளளவு. பகல் முழுக்க ஊராருடைய சான்றிதழையும் விண்ணப்பத்தையும் அச்சடிக்கும் அதே பொடிதான். அது காகிதத்தை மறந்து உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நகத்தால் கீறினேன், அசையவில்லை. ஓரத்தில் என் எழுத்து நேராக நின்றது. நான் மூச்சுகூட விடவில்லை என்று நினைக்கிறேன். கோடுகளுக்கு நடுவே ஒட்டியிருந்த தாளின் பஞ்சைப் பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு இழையாக எடுத்தேன். ஓரிடத்தில் முடியளவு இடைவெளி இருந்தது, மார்க்கரால் தொட்டு மூடினேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடிகாரத்தைப் பார்த்தபோது ஒன்று முப்பத்தைந்து.

வெப்பமானி இருபத்தெட்டு.

ஒயரைச் செருகி மூடியை அழுத்தினேன். சுவர்த் தாளில் பன்னிரண்டரை, ஒன்று, ஒன்றரை என மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. முப்பத்தேழரை, முப்பத்தேழரை என்று எழுதப் பேனா போனது. அதையும் எழுதி வைக்கிறேன், போனது உண்மை. ஆனால் மூன்றையும் காலியாக விட்டு, ஓரத்தில் 1.35, 28 என்று எழுதினேன்.

அக்கா வந்ததும் வழக்கம்போலத் தாளைத்தான் முதலில் பார்த்தாள்.

"இருபத்தெட்டா? முப்பத்தெட்டுனு எழுத வந்தியா?"

"இல்லக்கா. இருபத்தெட்டுதான்."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணேகால் மணி நேரம். இஸ்திரிப் பெட்டிக்குப் பிளக்கை எடுத்தேன். அப்புறம்... மறந்துட்டேன்."

"எதைப் பாத்துட்டு மறந்த?"

பலகையைக் காட்டினேன். அவள் வாங்கவில்லை. எட்ட இருந்தே பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து, சூடு இருக்கிறதா என்று கண்ணிமையில் வைத்துப் பார்த்தாள்.

"முப்பத்தேழுனு எழுதியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுடி."

"தெரியும்."

அதற்குமேல் அவள் பேசவில்லை. திட்டியிருந்தால் இரவுச் சாப்பாடாவது இறங்கியிருக்கும். அம்மாதான் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, "உன் பொரிப்புப் பெட்டி, அவ இஸ்திரிப் பெட்டி. என் உயிர்தான் போகுது" என்றாள்.

கரு செத்திருந்தால் உடனே தெரியாதாம். ரத்த நாளங்கள் வற்றி ஒரு சிவப்பு வளையமாக ஒதுங்க ஒரு நாளுக்கு மேல் ஆகுமாம். செவ்வாய்க் காலைவரை காத்திருக்க வேண்டும்.

ஜூன் 15, திங்கள்

கடைக்கு விடுப்பு சொன்னேன். காலையில் பலகையின் வேண்டாத செம்பை அரித்தெடுத்தேன்.

பிளாஸ்டிக் தட்டில் ஃபெரிக் குளோரைடு கரைசல், கடுந்தேநீர் நிறம். கைக்கு உறை, ஜன்னல் திறந்து. தட்டைத் தொட்டில்போல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. செம்பு பளபளப்பு இழந்து ரோஜா நிறமானது, அவ்வளவுதான். எங்கே தப்பு செய்தேன் என்று யோசிக்கத் தொடங்கினேன். அப்போது ஒரு மூலையில் செம்பு இல்லாமல் போயிருந்தது. சத்தமில்லை, குமிழியில்லை. ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி அது விலகிப் போனது, கரையில் ஈரம் காய்வதுபோல. கருப்புக்கு அடியில் ஒளிந்திருந்தது மட்டும் மிஞ்சியது.

இம்முறை அலாரம் வைத்திருந்தேன். பெட்டியின் முறை அம்மாவுடையது என்றாலும் வைத்தேன்.

அக்காவின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் டோனரைத் துடைத்ததும் செம்புக் கோடுகள் வெளியே வந்தன. பலகையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். எங்காவது கோடு அறுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். பலகை மஞ்சளாக ஒளியை விட்டது. கோடுகள் இருட்டாக, ஒன்றையொன்று தொடாமல் வளைந்து, தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அக்கா.

"இதைப் பாத்துதான் மறந்தியா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "மறக்கலாம்தான்" என்றாள். பிறகு உடனே, "ஆனா மன்னிக்கல" என்றாள்.

மாலை வகுப்பில் துளை போட்டு, எல்லாவற்றையும் பற்றவைத்தேன். வீட்டு மின்சாரம் ஓடும் பகுதியை ஆசிரியர் இரண்டு முறை சோதித்து, மூடியுள்ள டப்பாவில் வைத்துத் திருகி முடுக்கிய பிறகே கையில் கொடுத்தார். ஃபியூஸ் டப்பாவைத் தொட்டுக் கும்பிட்டான். "நான் உன் வீட்டுப் பக்கமே வரமாட்டேன். என் ராசி உனக்கே தெரியும்."

எட்டு மணிக்குப் பெட்டியில் பொருத்தினோம். வெப்பம் அறியும் உறுப்பு கடுகளவு. அதை முட்டைகளின் உயரத்தில் தொங்கவிட்டேன். நாலு பேரும் சுற்றி நின்றோம். 37.5, 37.6, 37.7. டக். பல்பு அணைந்தது. யாரும் தொடவில்லை. 37.6, 37.5, 37.4. டக். எரிந்தது.

அப்பா நாற்காலியை எடுத்து மடக்கினார். "டிரைவர் இறங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

ஜூன் 16, செவ்வாய்

சுவர்த் தாள்: காலை ஆறுவரை எல்லாக் கட்டங்களும் 37.4க்கும் 37.7க்கும் நடுவில். அக்கா நம்பாமல் எழுந்து எழுந்து எழுதியிருக்கிறாள்.

ஆறேகாலுக்கு அக்காவும் நானும் ஒரு கம்பளிக்குள் புகுந்துகொண்டோம், இருட்டுக்காக. நடுவில் டார்ச், மடியில் முட்டைத் தட்டு.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ரெண்டு கழுதையும் இந்த வயசுல என்ன விளையாட்டு?"

"அம்மா, கம்பளியைத் தூக்காத! வெளிச்சம் வருது!"

முதல் முட்டையின் அகன்ற முனையை அக்கா டார்ச்சின் வாயில் பொருத்தினாள். முட்டை முழுவதும் சிவப்பாக எரிந்தது. உள்ளே கோடுகள். ஓரிடத்திலிருந்து கிளம்பி, பிரிந்து, பிரிந்ததும் பிரிந்து, ஓட்டின் உட்புறம் முழுக்கப் படர்ந்திருந்தன. நடுவில் ஓர் இருட்டான பொட்டு. அது அசைந்தது. நீந்துவதுபோல ஒரு பக்கம் போய்த் திரும்பியது.

நேற்று ஜன்னலில் பிடித்த பலகை நினைவுக்கு வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதத் தயக்கமாக இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. என் இருபத்தேழு துளைகளுக்கு வழி போட எனக்கு ஐந்து மாலைகள் ஆயின, அதையும் ஒருமுறை இடவலம் மாற்றினேன். இதை யாரும் வரையவில்லை. அச்சடிக்கவில்லை. பதினோரு நாளில், கொஞ்சம் சூட்டை வைத்துக்கொண்டு அதுவாகவே போட்டுக்கொண்டது. நடுவில் நான் அந்தச் சூட்டையும் பிடுங்கினேன்.

"இது உன் இருபத்தெட்டுல தப்பிச்சது" என்றாள் அக்கா.

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஆறாவதில் கோடுகள் இல்லை. ஒரு சிவப்பு வளையம், அவ்வளவுதான். பதினேழாவதிலும் அப்படியே. மற்ற எல்லாவற்றிலும் அந்தப் பொட்டு அசைந்தது, ஒன்றில் வெளிச்சம் கூசியதுபோலத் துள்ளியது. இருபத்தொன்றில் பத்தொன்பது.

"அந்த ரெண்டும் என்னாலதானே?"

"எது உன்னால, எது தானானு முட்டை சொல்லாதுடி." கம்பளிக்குள் அவள் முகம் சிவப்பாகத் தெரிந்தது. "தாய்க்கோழி மேய எழுந்து போகாதா? என்ன, அது இஸ்திரி போடப் போகாது."

சிரித்துவிட்டேன். அவளும். அம்மா வெளியிலிருந்து, "அப்பாடா, பேசிட்டீங்களா?" என்றாள்.

பொரிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. பதின்மூன்று வந்தால் போதும். ஆனால் வரும்வரை எண்ணக் கூடாது என்கிறாள் அக்கா. எண்ணவில்லை. இடவலம் மாறிப்போன முதல் பலகையைத் தூக்கி எறியவில்லை, மேசைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

முட்டைகளில் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். கரு ஓட்டில் ஒட்டாமலிருக்க, நாளுக்கு மூன்று முறை திருப்புகிறோம். இப்போது பெருக்கல் மேலே இருக்கிறது.

நாளை காலை ஆறு மணிக்கு: பத்தொன்பதையும் திருப்ப வேண்டும், வட்டம் மேலே. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்ப வேண்டும்.