மதகுக் கல்

"நிறுத்துங்க! மதகை இடிக்காதீங்க!"

ஹுமேரா ஏரிக்கரையில் தலைதெறிக்க ஓடினாள். அதற்குள் பொக்லைனின் கை இறங்கிவிட்டது. பழைய மதகு பொலபொலவென்று சரிந்தது. அதைக் கட்டிய கொத்தனார் அவளுடைய கொள்ளுத்தாத்தா. தன் பெயரைக் கல்லில் வெட்டி அங்கே பதித்தாராம். அந்த ஒரு கல்லைப் பார்க்கத்தான் போத்தனூரிலிருந்து இந்தச் சின்ன ஊருக்கு வந்திருந்தாள்.

இடிபாட்டின் முன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்கம்மணி, எதுக்கு இப்படி ஓடியாறீங்க?" என்றார், வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த பொங்கியண்ணன்.

"எழுத்து வெட்டின கல்லு ஒண்ணு இதுல இருந்துச்சுங்க..."

"அட, நம்ம காத்தாருசாமியா! அவரை இடிக்க உட்ருவமா? விடியக்காலையிலயே பேத்தெடுத்து அந்த வேப்பமரத்தடியில வெச்சுப்போட்டமுங்க. எத்தனை வெள்ளம் வந்தும் ஏரி உடையாம காத்தாருல்ல? வருசா வருசம் பொங்கல் வெக்கிறமுங்க."

ஹுமேராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேப்பமரத்தடிக்கு விரைந்தாள். கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது.

"கொஞ்சம் தொடைச்சுப் பாக்கட்டுங்களா?"

"தாராளமா பாருங்க. எழுத்தை நாங்க ஆரும் படிச்சதில்லீங்க. பேரு மட்டும் வழிவழியா வருது."

துப்பட்டா நுனியால் மெல்லத் துடைத்தாள். மஞ்சளுக்கடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. ஹுமேராவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

'கொத்தனார் காதர்.'