பூஜ்ஜியப் பலகை

அந்த அலுவலகச் சுவரில் ஒரு மின்பலகை இருந்தது. ரஸ்ட் மொழியில் நிரல் எழுதுபவர், அம்மொழியின் பாதுகாப்புச் சோதனைகளைத் தளர்த்தும் ‘அன்சேஃப்’ என்ற சொல்லை எத்தனை முறை பயன்படுத்தினார் என்பதை அவர் பெயருக்கு நேரே அது காட்டும். எண் குறைந்தவர் யோக்கியர். குழுத் தலைவரின் எண் பூஜ்ஜியம். அவர் நிரல் எழுதி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்ததைப் பலகை காட்டாது.

தகுதிகாண் பருவம் அன்றோடு முடியவிருந்த பொறியாளரின் எண் ஒன்று. அந்த ஒன்றுக்காகவே அவளுக்கு வேலை நிரந்தரமாகாமல் போகலாம் என்று தலைவர் கோடி காட்டியிருந்தார்.

அந்த ஒன்று, எட்டு வரிகள். உள்நுழைவைச் சரிபார்க்கும் நூலகம் பழைய சி மொழியில் ஆனது. கொடுத்த கடவுச்சொல்லைப் பார்த்து முடித்ததும், அது இருந்த நினைவகத்தைத் தானே விடுவித்துவிடும். ஆகவே சி ஒதுக்கிய இடத்தில் நகலெடுத்துக் கொடுப்பதே முறை.

காலையில் வந்து பார்த்தால் எட்டு வரிகளையும் காணோம். ரஸ்ட் ஒதுக்கிய இடத்தையே தூக்கிக் கொடுக்கும் ஒற்றை வரி நின்றது.

“நான்தாம்மா சுத்தம் பண்ணேன். உன் எண்ணும் இப்ப பூஜ்ஜியம். ஒரு நன்றியாவது சொல்லேன்” என்றார் தலைவர்.

“சார், ரஸ்ட் குடுத்த மெமரியை சி ஃப்ரீ பண்ணக் கூடாது.”

“என் மெஷின்ல ஜம்முனு ஓடுதே?”

“அங்க ரெண்டுக்கும் மெமரி ஒதுக்குறது ஒரே அலோகேட்டர். கஸ்டமருக்குப் போறதுல, வேகம் வேணும்னு போன வாரம் நீங்கதானே ரஸ்ட்டுக்கு மட்டும் வேற போடச் சொன்னீங்க?”

“மெமரி தப்பே வராதுன்னுதானேம்மா ரஸ்ட்டுக்கு வந்தோம்!”

பதினொரு மணிக்கு, தமக்கு வரப்போகும் நிரலைப் பார்க்க வாடிக்கையாளர் அம்மா வந்தார். தலைவர் பெரிய திரையில் கடவுச்சொல்லைத் தட்டினார். நிரல் பொத்தென்று விழுந்தது. மறுபடி தட்டினார், மறுபடி விழுந்தது. வேண்டுமென்றே தவறாகத் தட்டினார், அதற்கும் விழுந்தது.

“பாதுகாப்பு பலமாத்தான் இருக்கு. யாரையுமே உள்ள விடாது போல” என்றார் அந்த அம்மா.

தலைவர் பொறியாளரின் பக்கம் குனிந்தார். “அந்த எட்டு வரியைத் திரும்பப் போட்டுடும்மா, சீக்கிரம்.”

போட்டால் ஒன்று மீண்டும் அவள் பெயரில் ஏறும். மாலையில் அதையே காட்டி அவளை வீட்டுக்கு அனுப்பலாம்.

“எடுத்தது நீங்க சார். நீங்களே போடுங்க, நான் சொல்றேன்” என்றாள், அறை முழுவதும் கேட்கும்படி.

“அதுவும் சரிதான்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் வாடிக்கையாளர் அம்மா.

அவள் சொல்லச் சொல்ல, எட்டு வரிகளை எழுதத் தலைவருக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. உள்நுழைவு திறந்தது. பலகையில் அவர் பெயருக்கு நேரே ஒன்று ஏறியது. அவளுக்கு நேரே பூஜ்ஜியம் நின்றது.

தாம் வகுத்த விதிப்படியே அன்று மாலை அவளை நிரந்தரமாக்கிக் கையெழுத்திட்டார் தலைவர்.

மறுநாள் காலை, பலகை இருந்த இடத்தில் ஒரு நாட்காட்டி தொங்கியது.