ஷௌக்கியின் அவகாடோச் செடிக்கு நேர்ந்த மரியாதை

ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். அங்கே இருக்கிற ஏதோ ஒன்றைப் பார்த்து ‘நல்லாயிருக்கே’ என்கிறீர்கள். வீட்டுக்காரர் உடனே, ‘அப்ப எடுத்துக்கோங்க, இனிமே அது உங்களோடது’ என்கிறார். நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா?

கெய்ரோவில் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் மூன்று தடவை சொல்வார், நீங்கள் மூன்று தடவை மறுக்க வேண்டும். அதோடு இரண்டு பேரும் நிறுத்திவிட்டு டீ குடிக்கலாம். பொருள் இருந்த இடத்தில் இருக்கும், இரண்டு பேர் மரியாதையும் ஒரு படி ஏறியிருக்கும்.

எனக்கு இது தெரியாமல் போனதுண்டு. கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த முதல் வாரம். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஷௌக்கி கையில் ரொட்டியோடு எழுந்து, “வாங்க, சாப்பிடலாம்” என்றார். எனக்குப் பசி. போய் உட்கார்ந்துவிட்டேன். மேஜையில் இருந்தது ஒரு முயல். அதற்குக் காத்திருந்தது அவர், அவர் மனைவி இன்ஷிராஹ், எட்டு வயது மகள் நிஹால். இன்ஷிராஹ் அன்று வெறும் ரொட்டியைக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டாள். பதினெட்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் என்னைப் படிக்கட்டில் பார்த்தால், “இந்தியாக்காரரே, இன்னிக்கு முயல் இல்ல, தைரியமா உள்ள வாங்க” என்பாள்.

ஷௌக்கி நீர்ப்பாசனத் துறையில் முப்பத்தாறு வருடம் எஞ்சினியராக இருந்தவர். இந்த ஊரில் சட்டையை உள்ளே விட்டவர்கள் எல்லோரையும் ‘எஞ்சினியர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பழரசக் கடைக்காரன் எஞ்சினியர், டயருக்குக் காற்றடிப்பவனும் எஞ்சினியர். நிஜமாகவே படித்துத் தேறிய ஷௌக்கிக்கு இது தீராத வயிற்றெரிச்சல். ஓய்வு பெற்ற பிறகு எரிச்சல் அதிகமானது. திறக்க மதகு இல்லை, மூடவும் இல்லை.

அப்போதுதான் அந்தக் கொட்டை வந்தது. அவகாடோவை வீட்டில் பாலில் அடித்துக் குடித்தார்கள். கொட்டையை ஷௌக்கி குப்பைக்குப் போகவிடவில்லை. கழுவினார். பழுப்புத் தோலை நகத்தால் உரித்தார். மூன்று பல்குச்சியைப் பக்கவாட்டில் குத்தி, தட்டையான அடிப்பக்கம் மட்டும் நனைகிற மாதிரி கண்ணாடித் தம்ளரில் தொங்கவிட்டார். ஐம்பத்திரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை.

“கல்லுக்குத் தண்ணி காட்டுறார்” என்று இன்ஷிராஹ் கட்டடம் முழுக்கச் சொன்னாள்.

ஐம்பத்து மூன்றாம் நாள் கொட்டை பிளந்து வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது. ஷௌக்கி என் கதவைத் தட்டி என்னைக் கட்டிப்பிடித்தார். அப்புறம் மண்ணே இல்லாமல் தண்ணீரிலேயே வளர்ப்பது என்று முடிவெடுத்தார். மூடி போட்ட ஒரு தொட்டி. மூடியில் ஓட்டை, ஓட்டையில் வலைக்கிண்ணம், கிண்ணத்தில் களிமண் உருண்டைகள், அவற்றின் நடுவே செடி. வேர் கீழே தண்ணீரில் தொங்கியது. அது மூச்சுவிட மீன்தொட்டிக்கு வைக்கிற காற்றுப்பம்பு. மேலே ஊதா நிற விளக்கு. இவ்வளவையும் கொண்டுபோய் விருந்தாளிகளுக்கு மட்டும் திறக்கிற வரவேற்பறையில், பிளாஸ்டிக் உறை போட்ட தங்க நிற நாற்காலிகளுக்கு நடுவில், ஒரு மேஜை போட்டு வைத்தார்.

வாயிற்காவலர் ஷஹாத்தா ரொட்டி கொடுக்க வந்தபோது என்னிடம் ரகசியமாகக் கேட்டார். “நாலாவது மாடியில ஊதா வெளிச்சம் தெரியுதே, எஞ்சினியர் டான்ஸ் கிளப் ஏதாவது திறந்திருக்காரா?”

தினமும் காலையில் தொட்டியில் அளவுகோலை விட்டுப் பார்த்துவிட்டு, வாசலில் நின்று எனக்கு அறிக்கை படிப்பார். “இன்னிக்கு மட்டம் நாலு மில்லிமீட்டர் குறைவு. நிலைமை கட்டுக்குள்ள இருக்கு.” குழாய்த் தண்ணீரில் குளோரின் போவதற்காக வாளியில் நிறுத்தி வைத்திருப்பார். இன்ஷிராஹ் அதில் ஒரு செம்பு எடுத்து அரிசி கழுவிவிட்டால், “மேல் அணையிலேயே திருட்டு!” என்று கத்துவார்.

“முப்பத்து நாலு வருஷமா கூட இருக்கேன், என்னை ஒரு நாளாவது இப்படி அளந்து பார்த்திருக்கீங்களா?”

“நீ எங்கடி குறையறே, அளக்கறதுக்கு?”

“இது காய்க்கவாவது காய்க்குமா?”

“பத்து வருஷம் ஆகலாம். வீட்டுக்குள்ள வளர்த்தா காய்க்காமலும் போகலாம்.”

“அப்ப நீங்க வெட்டின கால்வாய் மாதிரின்னு சொல்லுங்க.”

செடி பதினான்கு இலை விட்டிருந்த சமயத்தில் நிஹாலைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை ஹாஸெம், மருந்துக்கடை வைத்திருப்பவன். அவன் அம்மா இஸ்மத், ஹஜ் போய்வந்ததால் ‘ஹாஜா’, பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவர். உட்காரும்போதும் மணி அடிக்கப் போகிற மாதிரிதான் உட்காருவார். தன் பக்கத்துக்கு ஆள் வேண்டும் என்று ஷௌக்கி என்னையும் கூப்பிட்டிருந்தார். பேச்சு சுமுகமாகப் போனது. ஃபாத்திஹா ஓதி, சம்பந்தம் உறுதியானது. இன்ஷிராஹ் சிவப்புச் சர்பத் எடுத்துவர உள்ளே போனாள். இஸ்மத்தின் கண் செடியில் விழுந்தது.

“மாஷா அல்லா! என்ன அழகான செடி.”

“எடுத்துக்கோங்க, உங்களோடதுதான்” என்றார் ஷௌக்கி.

“அல்லா அதை உங்களுக்கே நிலைக்க வைக்கட்டும்.”

“இல்ல சம்மந்தி, நிஜமா சொல்றேன்.”

“உங்க வீட்ல இருந்தாதான் அதுக்கு அழகு.”

“சத்தியமா எடுத்துக்கோங்க!”

“வேணாம் எஞ்சினியர். உங்க மனசு இதை விட்டு வராது. முகத்துலயே தெரியுது.”

மூன்று தடவை மறுத்தாயிற்று. இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை ஷௌக்கிக்குத் தைத்துவிட்டது. நாற்காலியின் பிளாஸ்டிக் கிறீச்சிட எழுந்தார்.

“என் மனசா? பொண்ணையே கொடுத்தவனுக்குச் செடி பெருசா? நீங்க இதை எடுத்துட்டுப் போகலன்னா, என் பெண்டாட்டிக்குத் தலாக்!”

வரவேற்பறையில் காற்றுப்பம்பு மட்டும் புளுக் புளுக் என்றது. சர்பத் தட்டோடு இன்ஷிராஹ் வாசலில் நின்றிருந்தாள்.

“ஒரு கொட்டைக்கா?” என்றாள்.

நிஹால் தலையில் கை வைத்துக்கொண்டாள். இஸ்மத் இன்ஷிராஹ் முகத்தைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், எழுந்தார்.

“ஹாஸெம், தொட்டியத் தூக்கு.”

தொட்டி, பம்பு, ஊதா விளக்கு எல்லாம் படி இறங்கின. ஷௌக்கி சிரித்துக்கொண்டே வழியனுப்பினார். அப்படி ஒரு சிரிப்பைப் பல் பிடுங்குகிற இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாளே மசூதிக்கு ஓடினார். துணைக்கு நான். இமாம் பொறுமையாகக் கேட்டார்.

“அந்தம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்கல்ல? நீ கேட்டது நடந்துபோச்சு, தலாக் விழல. உன் மனைவி உன் மனைவிதான். இனிமேலாவது நாக்கைப் பல்லுக்குள்ள வெச்சுக்க.”

“செடி திரும்பி வந்தா?”

“அவங்களா மனசாரக் கொடுத்தா வாங்கிக்க. நீயா போய்க் கேட்டா, கொடுத்ததைக் கேட்கிறவன்னு ஊர் சிரிக்கும்.”

ஷௌக்கிக்கு இதில் ஒரு வழி தெரிந்தது. வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று காட்டினால் இஸ்மத் சலித்துப்போய்த் தானாகவே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். தினம் நாலு தடவை போன் போட்டார். என் வீட்டிலிருந்துதான், ஏனென்றால் அவர் வீட்டில் இன்ஷிராஹ் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். “இந்தியாக்காரரே, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட டீ ஆறுதுன்னு சொல்லுங்க” என்கிற அளவில்தான் அவர்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

“சம்மந்தி, தண்ணி ஒரு நாள் முழுக்க வாளியில நிக்கணும்.”

“நிக்குது.”

“பம்பு ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. கரண்ட் போச்சுன்னா வேர் அழுகிடும்.”

“கரண்ட் போனா ஹாஸெம் குழாயை வாயில வெச்சு ஊதறான்.”

“உரக் கரைசல் சொட்டு சொட்டா எண்ணி—”

“எண்ணி நோட்டுல எழுதறேன். தேதி, மணி, கையெழுத்து எல்லாம் இருக்கு. நீங்க எழுதி வெச்சீங்களா?”

ஷௌக்கி போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

“பதினாறாவது இலை வந்தாச்சு” என்று சொல்லி இஸ்மத் போனை வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளை வீட்டில் விருந்து. படி இறங்கும்போது ஷௌக்கி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கவனமா கேளுங்க. நான் செடி நல்லாயிருக்குன்னு சொல்வேன். அவங்க எடுத்துக்கோங்கன்னு சொல்லியே ஆகணும். ஒரு தடவை மறுப்பேன். ரெண்டாவது தடவை மறுப்பேன்.”

“மூணாவதும் மறுக்கணுமே?”

“மூணாவது தடவை மறுக்க மறந்துடுவேன்.”

அங்கே செடி கூடத்து நடுவில் இருந்தது. கண்ணேறு படாமலிருக்க நீல மணி கட்டியிருந்தார்கள். சாப்பாடு முடிந்து, ரவை கேக் தட்டு வந்தது. ஷௌக்கி தொண்டையைக் கனைத்தார்.

“மாஷா அல்லா, செடி ரொம்ப நல்லாயிருக்கு.”

இஸ்மத் தயங்கினார். இன்ஷிராஹ் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுரத்தில்லாமல், “எடுத்துக்கோங்க” என்றார்.

“சேச்சே, உங்க வீட்ல இருந்தாதான் அழகு.”

“சரி, உங்க இஷ்டம்.”

ஒரே தடவையோடு கதவைச் சாத்திவிட்டார். இப்படி ஒரு மரியாதைக் குறைவை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. ஷௌக்கிக்கு வேர்த்தது.

“இலையெல்லாம் என்ன பளபளப்பு!”

“எல்லாம் அல்லா கருணை.”

“தண்டு கூட என்ன நேரா…”

“கேக் எடுத்துக்கோங்க, எஞ்சினியர்.”

இன்ஷிராஹ் தட்டை மேஜையில் வைத்தாள். “ஹாஜா, இவருக்கு அந்தச் செடி வேணும். பகல் பூரா அந்த வெறும் மேஜையத் துடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். தயவுசெஞ்சு கொடுத்துடுங்க.”

“எனக்கென்ன வெச்சுக்க ஆசையா?” இஸ்மத்தின் குரல் பள்ளிக்கூட மைதானம் வரை எட்டுகிற மாதிரி உயர்ந்தது. “என் பிள்ளை ஊதி ஊதிக் கன்னம் வீங்கிப்போய்க் கிடக்கான். திருப்பிக் கொடுத்தா உன் குடும்பம் உடைஞ்சிடுமேன்னு பயந்துதானேம்மா சுமக்கறேன்!”

“இமாம்கிட்ட கேட்டாச்சு. நீங்களா கொடுத்தா ஒண்ணும் ஆகாது.”

“முதல்லயே சொல்லக் கூடாதா? எடுத்துட்டுப் போங்க, நூறு தடவை சொல்றேன்!”

ஷௌக்கி ஆசைப்பட்ட வார்த்தை, அவர் ஆசைப்பட்டதைவிடத் தொண்ணூற்றேழு தடவை அதிகமாகவே வந்துவிட்டது. ஆனால் எல்லோர் எதிரிலும் வந்ததுதான் தப்பு. முகம் சிவக்க எழுந்தார்.

“கொடுத்ததைத் திருப்பி வாங்கறவனா ஷௌக்கி? இந்தச் செடி மட்டும் என் வாசப்படிய மிதிச்சுதுன்னா, என் பெண்டாட்டிக்குத் த—”

இன்ஷிராஹ் ஒரு முழுத் துண்டு ரவை கேக்கை அவர் வாயில் திணித்தாள். திணித்த கையை எடுக்கவும் இல்லை. ஷௌக்கி கண் பிதுங்க மென்றார். முதலில் சிரித்தது நிஹால்தான்.

“ஹாஸெம்” என்றாள் இன்ஷிராஹ், “தொட்டியத் தூக்குப்பா.”

டாக்ஸியில் ஷௌக்கி தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயில் கேக் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை ஷஹாத்தா ரொட்டி கொண்டுவந்தார். திறந்த கதவு வழியாகச் செடியைப் பார்த்து, “மாஷா அல்லா, நல்லாயிருக்கே எஞ்சினியர்” என்றார். ஷௌக்கி ரொட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.